கோரிமேட்டில் கிருமிக்குப் பெயர் கண்டுபிடிக்கிறார்கள், தெரியுமா?

நுண்ணோக்கி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். நோயாளியின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாலே காய்ச்சலுக்குக் காரணமான பாக்டீரியா எது என்று சொல்லிவிட முடியும், தெரியுமா? அக்குளில் இல்லையா, தொடை இடுக்கில் பாருங்கள். காதுக்குப் பின்னால், மார்பகத்தின் அடியில், அரைஞாண் கயிறு அழுத்தும் இடுப்பில் பாருங்கள். சிகரெட் நெருப்பால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, அதைச் சுற்றிச் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் அப்படியொன்று தன் உடம்பில் இருப்பது பல நேரம் நோயாளிக்கே தெரியாது!

அந்தப் பொருக்கை விட்டுச் செல்வது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். நம் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. புதரும் புல்லும் எலி வளையும் உள்ள இடங்களில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சியின் லார்வா கடிப்பதால் வருகிறது. எவ்வளவு சின்னது? ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! வளர்ந்த பூச்சி யாரையும் கடிப்பதில்லை, மண்ணிலேயே கிடந்து வாழ்ந்துவிடுகிறது. லார்வா மட்டும்தான் கடிக்கும், அதுவும் ஒரே முறைதான். அப்படியானால் கடிப்பதற்கு முன்பே கிருமி அதற்குள் எப்படி வந்தது? தாய்ப்பூச்சியிடமிருந்து, முட்டை வழியாக! யாரையும் கடிக்காத தலைமுறையும் கிருமியை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

புதுச்சேரி இந்தக் காய்ச்சலை நன்றாக அறிந்த ஊர். காலாப்பட்டு பிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் இங்கே பரவிய ஸ்க்ரப் டைபஸ் பற்றி 2010-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் மாதங்களில் தென்னிந்தியாவில் இது கூடும். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாமே அந்த நேரத்தில்தான் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும். எல்லாமே காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்றுதான் தொடங்கும். ஆனால் பென்சிலின் வகை ஊசிகளால் ஸ்க்ரப் டைபஸ் கிருமியைத் தொடக்கூட முடியாது. நம் உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து ஒளிந்திருக்கும் கிருமி அது. டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்குகிறது! பெயர் தெரியாமல் நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். ஒரு பெயர் தெரிவதற்கும் தெரியாததற்கும் இடையில் ஓர் உயிர் நிற்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பெயர்களைப் பற்றித்தான்.

பொருக்கு எல்லாருக்கும் இருப்பதில்லையே, அப்போது என்ன செய்வது? இங்கேதான் மருத்துவ வரலாற்றின் மிக விசித்திரமான சோதனை ஒன்று வருகிறது. 1916-இல் எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர் டைபஸ் நோயாளியின் ரத்தநீரை எடுத்து, அந்த நோய்க்குக் காரணமே இல்லாத புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். புரோட்டியஸ் திரண்டு கட்டியாகிவிட்டது! இரண்டும் உறவே இல்லாத பாக்டீரியாக்கள். ஆனால் மேலுறையில் ஒரு சிறு பகுதி மட்டும் ஒத்திருக்கிறது. உடம்பு ஒன்றை எதிர்த்து உருவாக்கிய புரதம் மற்றொன்றையும் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பிற்பாடு இதே முறையில் ஸ்க்ரப் டைபஸுக்கும் ஒரு புரோட்டியஸ் வகை கிடைத்தது. நூறாண்டு கழிந்தும், எலிசா வசதி இல்லாத ஆய்வகங்களில் வைல்-ஃபெலிக்ஸ் சோதனை இன்னமும் நடக்கிறது. அதன் துல்லியம் குறைவு என்பதால் இன்று பெரிய மருத்துவமனைகள் ஐ.ஜி.எம். எலிசாவையும் பி.சி.ஆரையும்தான் நம்புகின்றன.

இன்னொன்று கேளுங்கள். டைபாய்டுக்கு உலகின் முதல் மருந்து கிடைத்ததே ஒரு தவறான பெயரால்தான்! 1948, கோலாலம்பூர். மலேயாவில் ஸ்க்ரப் டைபஸ் நெடுங்காலத் தொல்லை. அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு குளோராம்பெனிகால் என்ற புதிய மருந்தை அந்த நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. ஆய்வக முடிவு அதைச் சொன்னபோது அவர்கள் குணமாகிக்கொண்டிருந்தார்கள்! அதுவரை வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தால் பிழைப்பது என்றிருந்த டைபாய்டுக்கு அன்றுதான் மருந்து பிறந்தது. தவறு நடந்தது, அதைத் தவறு என்று ஆய்வகம் கண்டுபிடித்தது, அந்தக் கண்டுபிடிப்பில்தான் மருந்து கிடைத்தது.

புதுச்சேரியில் எந்தத் தெருமுனை லேபுக்குப் போனாலும் காய்ச்சல்காரரிடம் வைடால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். அந்த வைடால் யார் தெரியுமா? ஃபெர்னான் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர்! அவர் இந்தச் சோதனையை வெளியிட்ட 1896-இல் இந்த ஊரிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. டைபாய்டு நோயாளியின் ரத்தநீரில் டைபாய்டு பாக்டீரியாவைக் கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பதுதான் விடால் கண்டது. எளிமையான சோதனை, மலிவான சோதனை. ஆனால் காய்ச்சல் வந்து ஒரு வாரமாவது ஆனால்தான் ஒழுங்காகக் காட்டும். முன்பு எப்போதோ டைபாய்டு வந்தவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும் தேவையில்லாமல் பாசிட்டிவ் காட்டிவிடும். ஒரே ஒரு வைடால் தாளை வைத்துக்கொண்டு டைபாய்டு என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்று நுண்ணுயிரியல் மருத்துவர்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊரில் மருத்துவம் படிப்பது எவ்வளவு பழையது தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள் இங்கே எக்கோல் தெ மெதிசின் என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1823-இல். லூயி பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27. புதுச்சேரியில் மருத்துவப் பாடம் தொடங்கிய ஆண்டில் கிருமியியலின் தந்தை பால்குடிக் குழந்தை! ராபர்ட் காக் பிறக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று கற்பித்த பள்ளி அது. 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆகி, இன்று கோரிமேட்டில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் ஏழை மக்கள் விடியுமுன் பேருந்து பிடித்து வந்து வரிசையில் நிற்கும் இடமாக இருக்கிறது.

சரி, பெயரை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் கிருமி கையில் சிக்க வேண்டும். டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை பாக்டீரியா இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆயிரம்? லட்சம்? பெரும்பாலும் ஒன்றே ஒன்று! சில நேரம் அதுகூட இல்லை. உடம்பையே உலுக்கிப் போடும் காய்ச்சலுக்கு ரத்தத்தில் கிடைக்கும் சாட்சி அவ்வளவுதான். அதனால்தான் பிளட் கல்ச்சருக்குப் பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு எட்டுப் பத்து மில்லி ரத்தம் கேட்கிறார்கள், இரண்டு கைகளிலிருந்தும் எடுக்கிறார்கள். "இவ்வளவு ரத்தமா?" என்று நோயாளியின் அம்மா பதறுவார். பதறாதீர்கள், தாயே. அதில் மாட்டும் ஒற்றைக் கிருமி பாட்டிலில் உள்ள சத்துநீரைத் தின்று பெருகி, கார்பன் டை ஆக்சைடு விடும். பாட்டிலின் அடியில் உள்ள உணர்வட்டு அதைக் கண்டு நிறம் மாறும். அந்த நிறத்தை இயந்திரம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கிறது!

அந்த ஒற்றைக் கிருமியை நாமே ஒழித்துவிடுவதும் உண்டு. மருந்துக்கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கிய இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகள் போதும். நோய் போகாது, ஆனால் பாட்டிலில் எதுவும் வளராது. பெயர் தெரியாமல் போய்விடும். மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுங்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன், இங்கேயும் கெஞ்சுகிறேன். சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படித்தான். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். வெயிலில் பையில் கிடந்த சிறுநீரில் ஈ. கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

கிருமி வளர்ந்துவிட்டது. அடுத்தது சாயம். ஊதாச் சாயம், அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம். ஐந்தே நிமிட வேலை. உலகில் உள்ள பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஊதா, சிவப்பு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்! ஊதாவைப் பிடித்துக்கொண்டவற்றுக்குச் சுவர் தடிமன், விட்டுவிட்டவற்றுக்குச் சுவர் மெல்லியது. எந்த மருந்து உள்ளே போகும் என்பதை அந்தச் சுவர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதைக் கண்டவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க்காரர், ஆண்டு 1884. அவருக்கே தன் முறையில் திருப்தி இல்லை, குறையுள்ளது என்றுதான் எழுதிவைத்தார். 140 ஆண்டுகளாகியும் ஜிப்மர் முதல் கிராமத்து லேப் வரை முதல் சோதனை அதுதான்.

கிருமி வளரும் தட்டில் இருக்கும் வழவழப்பான பொருள் என்ன தெரியுமா? நோன்புக் காலத்தில் நம் இஸ்லாமியச் சகோதரிகள் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் துண்டு போடும் கடல்பாசி! சைனா கிராஸ் என்று மளிகைக்கடையில் வாங்குகிறோமே, அந்த அகார்தான். ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டின் பயன்படுத்தினார்கள். அது உடம்புச் சூட்டில் உருகி ஓடிவிடும். புதுச்சேரிச் சித்திரை வெயிலில் ஜெலட்டின் தட்டை மேசைமேல் வைத்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்! ஃபேனி ஹெஸ் என்ற பெண்மணி, காக்கிடம் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸின் மனைவி, 1881 வாக்கில் ஒரு யோசனை சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக் குடும்பத்தினரிடமிருந்து அவர் கற்ற சமையல் குறிப்பில் அகார் இருந்தது. கோடை வெயிலிலும் அவருடைய ஜெல்லி உருகியதில்லை. அதைத் தட்டில் ஊற்றினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 24 அன்று காக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். காக்கின் கட்டுரையில் அகார் இருந்தது, ஃபேனியின் பெயர் இல்லை. இந்த அநீதி எனக்கு இன்றும் வலிக்கிறது. நம் கரையிலும் அகார் உண்டு. மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அது கிடைக்கிறது.

தட்டில் முளைத்தவற்றின் அழகைச் சொல்லி மாளாது! ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பொன்னிறம். சூடோமோனாஸ் பச்சை. செராஷியா ரத்தச் சிவப்பு. புரோட்டியஸ் ஓரிடத்தில் நிற்காது, தட்டு முழுவதும் அலையலையாகப் படர்ந்துவிடும். தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ரத்தம் கலந்த தட்டில் தன்னைச் சுற்றியுள்ள சிவப்பணுக்களைக் கரைத்துத் தெளிவான வட்டம் போட்டுக்கொள்ளும். சாக்லேட் அகார் என்று ஒன்று உண்டு, அதில் சாக்லேட் துளிகூடக் கிடையாது, சூடாக்கிய ரத்தம்தான்! மணமும் உண்டு. சூடோமோனாஸ் தட்டைத் திறந்தால் திராட்சை வாசனை வரும். பழைய லேப் டெக்னீஷியன்கள் மூக்காலேயே பாதிப் பெயரைச் சொல்லிவிடுவார்களாம்.

அந்தப் பழக்கத்தை இன்று கண்டிப்பாக விடச் சொல்கிறார்கள். ஏன்? முகரவே கூடாத கிருமி ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது!

அதன் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி, அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். இதை முதலில் கண்டு உலகுக்குச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் பெயரைக் கேளுங்கள்: சி. எஸ். கிருஷ்ணசாமி! ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1911-இல் சில பிணங்களை அறுத்துப் பார்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மார்ஃபீன் ஊசிக்கு அடிமையாகித் தெருவில் கிடந்தவர்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகள். பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் என்றே தோன்றியது. ஆனால் அவர்கள் குதிரைப் பக்கமே போகாதவர்கள். தட்டில் வளர்த்துப் பார்த்தால், கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்கிறது! புதிய கிருமி என்று 1912-இல் இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். யாரும் கவலைப்படாத மனிதர்களின் உடல்களில் இவ்வளவு கவனத்தோடு தேடியவர்கள் என்பதற்காகவே இந்த இருவரையும் வணங்கத் தோன்றுகிறது.

இந்தக் கிருமி வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் கால் வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் அதிகம் தேடிப் பிடிக்கும். சர்க்கரை நோயும் நெல் வயலும் அடைமழையும் ஒன்றாக இருக்கும் ஊர் எது? நம் ஊர்தான்! ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் மருத்துவர்கள் இந்த நோயாளிகளைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். நுரையீரலில் இருந்தால் எக்ஸ்ரேயில் காசநோய் என்றே தோன்றும். மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போவார்கள். லேபிலும் ஏமாற்றும். சாதாரண சூடோமோனாஸ் வகை, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. கவனமான கண்ணுக்கு மட்டும் தடயங்கள் தெரியும். சாயமேற்றினால் இரண்டு முனைகளில் மட்டும் நிறம் ஏறி நடுவில் வெறுமையாக நிற்கும். நாள் போகப்போகத் தட்டில் தோல் சுருங்கிய வடிவம் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடயம் தட்டில் வைக்கும் மருந்து வில்லைகள். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அசையாது, ஆனால் மிகச் சாதாரணமான அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் அமிலக் கூட்டுக்கு அடங்கும்! இப்படி ஒரு தலைகீழ் வரிசையைப் பார்த்தவுடன் நல்ல நுண்ணுயிரியலாளர் தட்டை மூடிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வார்டுக்கு ஃபோன் போடுவார். பெயர் தெரிந்த பிறகும் சும்மா விடாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்துப் பதினான்கு நாள், அதன்பின் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு, 62 ஆண்டுகள் உடம்பில் தூங்கிக் கிடந்துவிட்டு இந்தக் கிருமி விழித்தெழுந்ததாக 2005-இல் பதிவானது!

காரைக்காலுக்குப் போவோம். 2022 ஜூலை 3 அன்று புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது, நினைவிருக்கிறதா? நூற்றுக்கணக்கானோருக்கு வாந்தியும் பேதியும். சிலரின் மாதிரியில் காலரா கிருமி உறுதியானதும் பள்ளிகளை மூடினார்கள், கொதிக்கவைத்த நீரையே பரிமாறச் சொன்னார்கள். விப்ரியோ காலரே எப்படிச் சிக்கும் தெரியுமா? நோயாளியின் நீர்மலத் துளியை நுண்ணோக்கியில் வைத்தால் வளைந்த கிருமிகள் சரேல் சரேலென்று பாயும். காலராவுக்குரிய எதிர்ப்புரதம் ஒரு சொட்டு விட்டால் அத்தனையும் ஒரு நொடியில் ஓட்டத்தை நிறுத்திவிடும்! விரைவாக ஐயத்தைத் தீர்க்க இது உதவும். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் இந்தக் கிருமியைத் தனியாக வளர்த்தெடுத்தார். அது குடலில் நீரைக் கொட்டவைப்பது ஒரு நச்சால்தான் என்று 1959-இல் நிரூபித்தவர் அதே கல்கத்தாவின் சம்பு நாத் டே.

1992 அக்டோபரில் சென்னையில் ஓர் அதிர்ச்சி. நோயாளிகளுக்கு அப்பட்டமான காலரா, ஆனால் எதிர்ப்புரதத்தை ஊற்றினால் கிருமி திரளவில்லை! அதுவரை கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றால் ஓ1 என்ற ஒரே வகைதான் என்று உலகமே நம்பியிருந்தது. இது 139-ஆவது வகை, ஓ139. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் தாக்கியது. மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று சில மாதங்களில் பரவியது. பழைய சோதனை நெகட்டிவ் என்று சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் எதற்கான நினைவுச்சின்னம் தெரியுமா? குடிதண்ணீருக்கு! மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்து ஊற்றுநீர் நகரத்துக்குள் வந்ததைக் கொண்டாடுகிறது அது. காலரா கிருமியை காக் வளர்த்தெடுப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரின் அருமை அறிந்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

ஆய்வகத்துக்குத் திரும்புவோம். தொண்டை அடைப்பான் என்கிற டிஃப்தீரியா பாக்டீரியாவைத் தனியாக விட்டால் நஞ்சே சுரக்காது, தெரியுமா? அதற்குள் ஒரு வைரஸ் புகுந்தால்தான் நஞ்சு! நஞ்சுக்கான மரபணு வைரஸுடையது. அதனால் கிருமியின் பெயர் மட்டும் போதாது, நஞ்சு சுரக்கிறதா என்றும் ஆய்வகம் தனியே பார்க்க வேண்டும்.

தொழுநோய்க் கிருமியை ஹேன்சன் 1873-இல் கண்டார். அன்றிலிருந்து இன்றுவரை எந்தத் தட்டிலும் யாராலும் அதை வளர்க்க முடியவில்லை! அது ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. காசநோய்க் கிருமிக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. தட்டில் அது கண்ணுக்குத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்தார்கள். இன்று சளியிலேயே மரபணுவைத் தேடும் சோதனை இரண்டு மணி நேரத்தில் டி.பி. உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. சளியை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மில்லியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருக்க வேண்டும். இதற்கு நூற்றுச் சொச்சம் போதும்!

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா? எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிய வேண்டும். இதில் புதுச்சேரிக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில், ஸ்டேஃபிலோகாக்கஸ், என்டரோகாக்கஸ் ஆகிய இரண்டு கூட்டங்களுக்கும் நாட்டுக்கே மைய ஆய்வகம் ஜிப்மர்தான்! ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸை உறுதிசெய்வது எப்படி என்றால், ரத்தப் பிளாஸ்மாவில் அதைக் கலந்து உடம்புச் சூட்டில் வைப்பார்கள். சில மணி நேரத்தில் பிளாஸ்மா உறைந்துவிடும். அதன்பின் செஃபாக்சிடின் தடவிய சின்ன வில்லையைத் தட்டில் வைத்தால், மருந்துக்கு அடங்கும் கிருமி வில்லையைச் சுற்றி நல்ல இடைவெளி விட்டு விலகி நிற்கும். அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. ரகம் என்றால் வில்லையை நெருங்கி வளர்ந்திருக்கும். அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துதான் ஊசி முடிவாகிறது.

லேசர் அடித்துப் பெயர் சொல்லும் இயந்திரமும் வந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு துளிக் கிருமியை எடுத்து உலோகத் தகட்டில் தடவி லேசர் பாய்ச்சினால், அதன் புரதங்கள் பறந்து வெற்றிடக் குழாயில் ஓடும். லேசான புரதம் முதலில் வந்து சேரும், கனமானது பிறகு. அந்த வரிசையைக் கணினி தன் நூலகத்தோடு ஒப்பிட்டுச் சில நிமிடத்தில் பெயரைச் சொல்லும்! மால்டி-டாஃப் என்று பெயர். இதற்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான கொய்ச்சி தனாகா 2002-இல் நோபல் பெற்றார். ஆனால் நூலகத்தில் இல்லாத கிருமிக்கு இயந்திரம் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிவிடும். மெலியாய்டோசிஸ் கிருமிக்கு அப்படி நேர்ந்திருக்கிறது. அப்போது மனிதக் கண்தான் துணை.

ஜிப்மரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இந்திரா நகரில் வி.சி.ஆர்.சி. இருக்கிறது. கொசுவால் பரவும் நோய்களை ஆராய 1975-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். இங்கே பாக்டீரியாவைத் தேடுவது கொல்வதற்கல்ல, வேலைக்கு வைத்துக்கொள்ள! பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது. அதன் வித்துகளோடு ஒரு புரதப் படிகம் இருக்கும். கொசுப்புழு அதைத் தின்றால், காரத்தன்மையுள்ள அதன் குடலில் படிகம் கரைந்து குடற்சுவரைத் துளைத்துவிடும், ஒரு நாளுக்குள் புழு காலி. மனிதருக்கும் மீனுக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வகையில் வி.சி.ஆர்.சி. வளர்த்தெடுத்த பி17 என்ற ரகத்தின் தொழில்நுட்பத்தை நிறுவனங்கள் வாங்கித் தயாரிக்கின்றன.

அங்கே நடக்கும் இன்னொரு வேலை அதைவிட வியப்பு. வோல்பாக்கியா என்றொரு பாக்டீரியா உலகப் பூச்சியினங்களில் ஏறத்தாழ பாதியில் குடியிருக்கிறது. யானைக்கால் நோய் தரும் புழுவின் உடம்பிலும் இருக்கிறது, அதுவும் அது இல்லாமல் புழுவால் இனம்பெருக்க முடியாத அளவுக்கு! அதனால் பாக்டீரியாவைக் கொல்லும் டாக்சிசைக்ளினைச் சில வாரம் கொடுத்தால் புழுவும் மலடாகிறது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் வோல்பாக்கியா இயற்கையாக இருப்பதில்லை. அதைக் கொசுவுக்குள் குடியேற்றினால் டெங்கு வைரஸ் சரியாக வளராது. தாய்க்கொசு முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் கொடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, நம் ஊர்க் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாக இணைத்து, வோல்பாக்கியா குடியேறிய இரண்டு கொசு வரிசைகளை வி.சி.ஆர்.சி. உருவாக்கியதாக 2022-இல் அறிவித்தது. அவற்றின் பெயரோடு புதுச்சேரியின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துவிட்டார்கள்! இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை வெளியில் விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே கொசுவுக்குள் இருந்த வோல்பாக்கியாவும் இந்திரா நகரில் வளர்ந்த இரண்டில் ஒன்றும் ஒரே ரகம்!